க்ரவுன், பிரிட்ஜ் வேலையில் டொக்டருக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி: மலையகத்துப் பல் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எங்கேயாவது ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறீர்களா? பல் பிடுங்குவதும் அடைப்பதும் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். க்ரவுன், பிரிட்ஜ் வேலையில்தான் கை தடுமாறும், ஏனென்றால் அது ஒரே இருப்பில் முடிகிற வேலை இல்லை. பல்லைச் செதுக்கி, அச்சு எடுத்து, க்ரவுன் செய்கிற லேபுக்கு அனுப்பி, வந்ததை ஒட்டி முடிக்கும்வரை நடுவில் எங்கே ஒரு சின்னப் பிழை நடந்தாலும் அது கடைசி நாளில்தான் தெரியவரும்.

க்ரவுன் என்பது, நம் ஆட்கள் ‘கெப்’ என்று சொல்வது, பலவீனமான பல்லைச் சுற்றிலும் செதுக்கி அதன்மேல் போடுகிற உறை. பிரிட்ஜ் என்றால் பல் இல்லாத இடத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பற்களைத் தூண் மாதிரி வைத்து, நடுவில் ஒரு பொய்ப்பல்லைத் தாங்கவைப்பது. பல்லை வெட்டுவது, ஊசி போடுவது, ஒட்டுவது எல்லாம் டொக்டரின் வேலை, அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் மற்ற எல்லாம் நம் கையில் இருக்கிறது.

தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு கிளினிக் நாள் என்றால் பேர் (அன்றைய வேலைக்கான கூலி) இல்லாத நாள். துணைக்கு வருகிறவரின் பேரும் போகும், பஸ் காசு வேறு. அச்சு சரிவரவில்லை, இன்னொரு தடவை வாங்க என்று சொன்னால் நமக்கு அது அரை மணி நேர வேலை, அவருக்கு ஒரு நாள் கூலி. நான் பார்த்தவரைக்கும் அப்படித் திரும்ப வரச் சொல்ல நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான், ஒன்று ஈரம், மற்றது நேரம். பல் நனைந்திருக்கும், இல்லாவிட்டால் அச்சு மருந்து இறுகுமுன் எடுத்திருப்போம். இந்த இரண்டையும் பார்த்துக்கொள்வதுதான் நம் தொழில், அதுவும் நுவரெலியா மாதிரிக் குளிர்ந்த, பனிமூட்டமுள்ள ஊரில் இரண்டும் சமவெளியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கஷ்டம்.

கதிரையில் உட்கார்வதற்கு முன்

கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி முதலிலேயே போன் பண்ணிவிடுங்கள். பிரஷர், சீனி, இதய வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற மருந்து, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாத பழக்கம், பெண்கள் என்றால் கர்ப்பம், இவ்வளவையும் கேட்டு எழுதி டொக்டரின் கண்ணில் படும்படி வையுங்கள். ‘ஒண்ணும் இல்ல’ என்று சொல்வார்கள், கொப்பியைத் திறந்தால் மூன்று மாத்திரை எழுதியிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியற்காலையில் வெறும் தேத்தண்ணியோடு கிளம்பி வந்திருப்பார்கள், சாப்பிட்டீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். சீனி வருத்தக்காரர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்தால் ஊசி போடுமுன்பே மயங்கி விழக்கூடும்.

எந்தக் கைநூலும் பேசாத ஒரு வேலை நமக்கு இங்கே இருக்கிறது. டொக்டர் சிங்களவராக இருப்பார், வருகிறவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், நடுவில் நாம்தான். அவசரத்தில் எல்லாவற்றையும் ‘வலிக்குதாம்’ என்று ஒரே சொல்லில் சுருக்கிவிடாதீர்கள். கூசுது என்றால் ஒன்று, விண்விண்ணென்று தெறிக்குது என்றால் வேறொன்று, கடித்தால் மட்டும் வலிக்குது என்றால் இன்னொன்று. குளிர் தண்ணீருக்குக் கூசி உடனே நின்றுவிடுகிற பல்லும், இராத்திரி படுத்தபின் தெறிக்கிற பல்லும் ஒரே பல் இல்லை, இரண்டாவதுக்கு க்ரவுனுக்கு முன்னால் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம். அவர் சொன்ன சொல்லையும், எப்போது, எவ்வளவு நேரம் என்பதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேருங்கள். டொக்டர் சொல்கிற விலை, எத்தனை தடவை வர வேண்டும், பக்கத்துப் பல்லையும் செதுக்க வேண்டிவரும் என்பது எல்லாம் அதேபோல முழுசாக இந்தப் பக்கம் வர வேண்டும். பிரிட்ஜுக்கு இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் வெட்டுவார்கள் என்பது தெரியாமல் தலையாட்டியவர்கள் இருக்கிறார்கள், அது சம்மதம் ஆகாது.

நிறம் முதலில், மற்றதெல்லாம் பிறகு

பல்லின் நிறத்தை வெட்டுவதற்கு முன்பே பார்த்து எழுத வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் அது இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும், அந்த நிறத்துக்கு க்ரவுன் செய்தால் ஒட்டிய பிறகு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பொதுவாக வீட்டா நிற அட்டைதான் இருக்கும், ஏ1 முதல் டி4 வரை 16 நிறம். அட்டையையும் லேசாக நனைத்துப் பல்லுக்குப் பக்கத்தில் பிடியுங்கள், ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள், கண் களைத்துப்போய் எல்லாம் ஒன்றாகத் தெரியும். உதட்டுச் சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற சேலை, ஸ்வெட்டர் போட்டிருந்தால் சாம்பல் நிறத் துணியைக் கழுத்துவரை போர்த்திவிடுங்கள். வெற்றிலை போடுகிறவர் என்றால் முதலில் பல் சுத்தம் செய்து கறையை எடுக்காமல் நிறம் பார்ப்பது வீண், ஈறும் வீங்கியிருக்கும், அதோடு அச்சு எடுத்தால் இரத்தம் வந்து கெடும்.

ஜன்னல் வெளிச்சம் நல்லதுதான். ஆனால் மூடுபனி இறங்கிய நாளில் அதை நம்பாதீர்கள், எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். 5500 கெல்வின் பகல்வெளிச்ச விளக்கு ஒன்று இருந்தால் போதும், இல்லையென்றால் பனி விலகுகிற நேரத்துக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

எதிர்த் தாடைக்கு அல்ஜினேட் அச்சு எடுப்பார்கள், தண்ணீரில் கலந்தால் இறுகுகிற தூள் அது. அதன் தண்ணீர் ஏறக்குறைய 21 முதல் 23 பாகை வரை இருக்க வேண்டும். தை மாதக் காலையில் குழாயில் வருகிற தண்ணீரில் கலந்தால் இறுகவே இறுகாது, வருகிறவர் ஓங்காளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிளாஸ்கில் கொஞ்சம் சுடுதண்ணீர் வைத்திருந்து, குழாய்த் தண்ணீரோடு கலந்து, ஒரு சின்ன வெப்பமானியை விட்டுப் பாருங்கள். கைக்கணக்கு வேண்டாம், சூடு கூடினால் கிண்ணத்திலேயே இறுகிப்போகும். எடுத்த அல்ஜினேட் அச்சை வைத்திருக்கவும் கூடாது, காற்றுப் பட்டால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் ஊதும். ஈரமான டிஷூவில் சுற்றிப் பையில் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் கல்மாவு (பல்லின் மாதிரி செய்கிற மாவு) ஊற்றிவிடுங்கள். இதை அப்படியே பஸ்ஸில் போட்டுக் கண்டிக்கு அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

லேபிலிருந்து க்ரவுன் வரும்வரை போடுகிற தற்காலிக க்ரவுனுக்கு வேண்டிய புட்டி (கையால் பிசைகிற அச்சு மருந்து) அச்சையும் இப்போதே எடுக்க வேண்டும், வெட்டிய பிறகு எடுத்துப் பயனில்லை. பிரிட்ஜ் என்றால் இடைவெளியில் மெழுகையோ செட்டில் போடுகிற ஒரு பொய்ப்பல்லையோ வைத்து நிரப்பிவிட்டு எடுப்பார்கள், அதை முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

வெட்டும்போது

விறைப்பு ஊசி சாதாரணமாக 2 சதவீத லிக்னோகேயின், 1:80,000 அட்ரினலின் கலந்தது. குளிர்காலத்தில் அந்தக் குழாயை அறைச் சூட்டுக்கு வரவிட்டு எடுத்துக் கொடுங்கள். ஊசியை வருகிறவரின் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோகாமல் நாடிக்குக் கீழே கைமாற்றுங்கள். மூடியை இரண்டு கையால் பிடித்துப் போடவே கூடாது, தட்டில் மூடியை வைத்து ஒரு கையால் அள்ளிப் போடுங்கள்.

டொக்டர் வலதுகைக்காரர் என்றால், வருகிறவரின் தலையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொண்டு 2க்கும் 4க்கும் நடுவில் உட்காருங்கள். உங்கள் கண் டொக்டரின் கண்ணைவிட நான்கைந்து அங்குல அளவுக்கு உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் குனிந்து குனிந்தே முதுகு போய்விடும். வலது கையில் சக்ஷன் (தண்ணீரையும் எச்சிலையும் உறிஞ்சும் குழாய்), இடது கையில் காற்று-தண்ணீர்க் குழாய்.

இனி, ஈரம். சக்ஷனை முதலில் வையுங்கள், பிறகுதான் எயாரோட்டர் (பல் வெட்டும் கருவி) உள்ளே வர வேண்டும். குழாயின் சரிந்த வாய் பல்லின் பக்கத்துக்கு இணையாக, வெட்டுகிற பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். அண்ணத்தின் மென்மையான பின்பகுதியைத் தொட்டால் ஓங்காளம் வரும். கன்னத்தையும் நாக்கையும் வெட்டும் முனையிடமிருந்து மறைப்பதும் இதே கைதான். மேல்பல்லை டொக்டர் கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்டுகிறார் என்பதை மறக்காதீர்கள், கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் லேசாகக் காற்றை விடுங்கள். ஆனால் பல்லை நோக்கி விடாதீர்கள், தண்ணீர் விலகிப் பல் சூடாகும்.

பர்களை, அதாவது எயாரோட்டரில் மாட்டுகிற வெட்டும் முனைகளை, எடுக்கிற வரிசையில் அடுக்கிவைத்தால் டொக்டர் கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடலாம். முதலில் ஆழக்கோடு போடுவது, அப்புறம் பக்கங்களுக்குக் கூம்பிய நீளமான டைமண்ட், பக்கத்துப் பல்லைத் தொடாமல் இடையில் இறங்க ஊசி மாதிரி மெல்லியது, முன்பல்லின் உட்பக்கத்துக்கு முட்டை வடிவத்தது, கடைசியில் மழுக்கி முடிக்கச் சிவப்பு அல்லது மஞ்சள் வளையமுள்ள நைசான பர். பச்சை வளையம் கரடு, நீலம் நடுத்தரம். பிரிட்ஜுக்கு இரண்டு மூன்று பல்லையும் ஒரே திசைக்குச் சாய்வு பார்த்து வெட்ட வேண்டும், ஆகவே நேரம் இரட்டிப்பாகும். நடுவில் வாயை மூடி ஓய்வெடுக்க விடுங்கள், வலித்தால் இடது கையைத் தூக்கச் சொல்லி வைத்திருங்கள், அந்தக் கையில் எப்போதும் உங்கள் ஒரு கண் இருக்கட்டும்.

நூலும் அச்சும்

முழு வேலையிலும் அதிகமாகக் கெடுவது இந்த இடத்தில்தான்.

வெட்டிய விளிம்பு ஈறுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், அது அச்சில் விழாவிட்டால் லேபில் இருப்பவர் ஊகித்துத்தான் க்ரவுன் செய்வார். ஈறை விலக்க நூல் வைப்பார்கள். 000 மெல்லியது, அங்கிருந்து 00, 0, 1, 2 என்று தடிக்கும். பல்லைச் சுற்றிவரப் போதுமான நீளத்துக்கு வெட்டி, அலுமினியம் குளோரைட்டில் ஊறவைத்து, மீதியை ஒற்றி எடுத்துக் கொடுங்கள். அட்ரினலின் ஊறிய நூல் உங்கள் கிளினிக்கில் இருந்தால், இதய வருத்தமோ பிரஷரோ உள்ளவருக்கு அதை எடுத்து நீட்டிவிடாதீர்கள், முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம் இருக்கும், அந்த நேரம் முழுக்கப் பஞ்சும் சக்ஷனும் வைத்து இடத்தைக் காய்ந்ததாக வைத்திருப்பது நாம்தான். நூலை எடுக்கும்போது மட்டும் லேசாக நனைக்க வேண்டும், காய்ந்த நூல் ஈறோடு ஒட்டிக்கொண்டு வந்து இரத்தம் கொட்டும். எத்தனை நூல் போனது, எத்தனை வந்தது என்று எண்ணுங்கள். உள்ளே தங்கிய ஒரு துண்டு ஒரு வாரத்தில் ஈறைப் புண்ணாக்கிவிடும்.

இப்போது புட்டி. நம் நாட்டில் ரப்பர் கையுறைதான் எங்கேயும் கிடைக்கிறது, அதுதான் பிரச்சினை. அடிஷன் சிலிக்கன் வகைப் புட்டியை லேடெக்ஸ் கையுறையோடு பிசைந்தால் ரப்பரிலுள்ள கந்தகம் அதை இறுகவிடாது, பார்க்க நன்றாக இருக்கும், வாயிலிருந்து எடுத்தால் இழைந்துகொண்டு வரும். வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இது நடந்தது, மூன்று தடவை அச்சு எடுத்தும் சரிவரவில்லை, அந்த அக்கா தலவாக்கலையிலிருந்து வந்திருந்தார், மறுபடி வரச் சொல்லி அனுப்பினோம். கையுறைதான் காரணம் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை, புட்டி பழசு என்று நினைத்து வேறு டப்பா வாங்கினார்கள். கையுறையைக் கழற்றிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நைட்ரைல் அல்லது வைனைல் போட்டுப் பிசையுங்கள். கழுவாமல் மாற்றினால் கையில் ஒட்டியிருப்பதே கெடுத்துவிடும்.

அச்சு எடுக்கிற டிரேயில் பசை பூசிக் காயவிட்டு, இரண்டு நிறமும் கோடு தெரியாமல் ஒன்றாகும்வரை அரை நிமிடம் முதல் முக்கால் நிமிடம் பிசைந்து டிரேயில் வையுங்கள், அதே நேரத்தில் டொக்டர் லைட் பாடியை (இளக்கமான அச்சு மருந்து) பல்லைச் சுற்றி விடுவார். குளிரில் அந்த லைட் பாடிக் குழல் இறுக்கமாக வரும், காலையிலேயே அலமாரியிலிருந்து எடுத்து அறைச் சூட்டில் வைத்துவிடுங்கள். வாயில் வைத்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள், டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு விநாடியும் குறையக் கூடாது. மீந்த துண்டை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவெடுப்பது சிலர் பழக்கம், குளிர் அறையில் அது வாயில் இருப்பதைவிடப் பிந்தித்தான் இறுகும், ஆகவே அது கணக்கில்லை. டிரே அசையக் கூடாது. மூக்கால் மூச்சு விடுங்கம்மா, தலையைக் கொஞ்சம் முன்னால் சாயுங்க என்று பேசிக்கொண்டே இருங்கள், நம் குரல் கேட்டால் பாதி ஓங்காளம் அடங்கிவிடும்.

வெளியே வந்ததும் எச்சிலும் இரத்தமும் போகக் கழுவி, 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் பத்து நிமிடம் வைத்து மறுபடி கழுவுங்கள். 5 சதவீத ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து விளிம்பு முழுவதும் ஒரே கோடாக ஓடுகிறதா, எங்கேயாவது காற்றுக்குமிழி, கிழிசல் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆள் கதிரையில் இருக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், டொக்டர் கோபிக்க மாட்டார்.

தற்காலிக க்ரவுனும் லேப் துண்டும்

முன்னே எடுத்த புட்டி அச்சில் தற்காலிக க்ரவுன் செய்கிற மருந்தை நிரப்பிப் பல்லில் அமுக்கி, ரப்பர் மாதிரி ஆகும் நேரத்தில் கழற்றி, சீவி, தற்காலிக சிமெந்தில் வைப்பார்கள். பின்னால் ரெசின் சிமெந்தில் ஒட்டப் போகிறார்கள் என்றால் கிராம்பு எண்ணெய் வாசம் வருகிற, யூஜினோல் உள்ள சிமெந்தை எடுக்காதீர்கள், ரெசினை அது சரியாக இறுகவிடாது.

அனுப்புமுன் சொல்ல வேண்டியவை: விறைப்பு போகும்வரை சாப்பிட வேண்டாம், சூடான தேத்தண்ணியும் வேண்டாம், நாக்கு சுட்டாலும் தெரியாது. தொதல், எள்ளுருண்டை, டொபி கூடவே கூடாது. தேங்காய் ரொட்டியை மற்றப் பக்கத்தில், கறியில் தோய்த்துச் சாப்பிடலாம், பாக்குக் கடிக்கவே கூடாது. கழன்றுவிட்டால் எறியாமல் கடுதாசியில் சுற்றிக் கொண்டுவரட்டும், கடையில் விற்கிற பசையால் ஒட்டக் கூடாது.

அச்சோடு லேபுக்குப் போகிற துண்டில் பல் எண்ணை எஃப்டிஐ முறையில், அதாவது பல்லுக்கு இரண்டு இலக்கம் வைக்கிற முறையில், எழுதுங்கள். கீழ் இடது முதல் கடைவாய்ப் பல் 36, வலது என்றால் 46, இந்த ஓர் எண் மாறினால் எல்லாம் போச்சு. எந்தப் பொருள், எந்த நிறம், எந்த நாளைக்கு வேண்டும், அச்சைத் தொற்றுநீக்கியாகிவிட்டது என்ற குறிப்பு எல்லாம் இருக்கட்டும். அடிஷன் சிலிக்கன் அச்சு நாட்கணக்கில் அளவு மாறாமல் இருக்கும், கண்டிக்கோ கொழும்புக்கோ தாராளமாகப் போகலாம். கண்டென்சேஷன் சிலிக்கன் அப்படியில்லை, சீக்கிரம் கல்மாவு ஊற்றிவிட வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வந்து பாதை அடைபட்டால் பார்சல் நிற்கும். ஆகவே பார்சல் கைக்கு வந்து, அன்றே பிரித்து, பெயர், நிறம், பல் எண் பார்த்து, கல்மாவு மாதிரியில் க்ரவுன் ஆடாமல் உட்காருகிறதா, பீங்கான் எங்கேயும் உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆளுக்குப் போன் பண்ண வேண்டும்.

ஒட்டுகிற நாள்

க்ரவுன் சின்னது, வழுக்கும், எச்சிலில் இன்னும் வழுக்கும். தொண்டைக்கு முன்னால் கோஸ் துணியை விரித்து வைக்காமல் எதையும் பொருத்திப் பார்க்க விடாதீர்கள். பிரிட்ஜ் என்றால் நடுப்பல்லைச் சுற்றி ஃப்ளொஸ் நூலைக் கட்டி நுனியை வாய்க்கு வெளியே விடலாம். தவறி விழுந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி இருமச் சொல்லுங்கள், கிடைக்கவில்லை என்றால் விழுங்கியிருப்பார், போய்விடும் என்று விட்டுவிடக் கூடாது, எக்ஸ்ரேக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

பொருத்திப் பார்க்கும்போது ஃப்ளொஸ், கடிப்புத்தாள், கூர்முனை வரிசையில் இருக்கட்டும். கடிப்புத்தாளைக் காய்ந்த பல்லில் வைத்தால்தான் நிறம் பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்பட்டு ‘நல்லாருக்கு’ என்று சொல்பவர்களும் உண்டு, அவசரப்படுத்தாதீர்கள்.

கிளாஸ் அயனோமர் சிமெந்து என்றால், தூளையும் திரவத்தையும் சொன்ன அளவில் எடுத்து அரை நிமிடத்துக்குள் கலந்து, பளபளப்பு இருக்கும்போதே கொடுக்க வேண்டும், பளபளப்பு மங்கினால் அதை எறிந்துவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கண்ணாடிப் பலகை குளிர்ந்திருந்தால் நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் நம் ஊரில் அதன்மேல் பனி பிடித்திருக்கும், அந்த ஈரம் சிமெந்தில் சேர்ந்தால் வலு போய்விடும். துடைத்து, மூச்சுப் படாமல் வையுங்கள், தாள் அட்டை இருந்தால் அதுவே நல்லது. க்ரவுனின் உள்சுவரில் மெல்லியதாகப் பூசினால் போதும், நிரப்பினால் முழுசாக உட்காராது. பல்லைச் சுற்றிப் பஞ்சு, சக்ஷன், இறுகும்வரை ஒரு சொட்டு எச்சில் படக் கூடாது. பிதுங்கியதை எப்போது எடுப்பது என்பது ஒவ்வொரு சிமெந்துக்கும் ஒவ்வொரு மாதிரி, டப்பாவுக்குள் இருக்கிற தாளை வாசியுங்கள். பல்லிடுக்கில் இருப்பதை, நடுவில் ஒரு முடிச்சுப் போட்ட ஃப்ளொஸ்ஸைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்கலாம்.

பிரிட்ஜ் போட்டவருக்கு நடுப்பல்லுக்குக் கீழே நூலை எப்படிக் கோர்த்துச் சுத்தம் செய்வது என்று சொல்லி மட்டும் அனுப்பாமல், கண்ணாடியைப் பிடித்து அவர் கையாலேயே ஒரு தடவை செய்யவையுங்கள். ‘கடிச்சா மட்டும் வலிக்குது’ என்று பிறகு போன் வந்தால் கடிப்பு உயரமாக இருக்கும், பொறுத்துப் பாருங்க என்று சொல்லாமல் அடுத்த நாளே வரச் சொல்லுங்கள்.

ஆள் போன பிறகு ஓட்டோகிளேவ், அதாவது கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் பெட்டி. தானாக இயங்குகிறது என்றால் பிரச்சினையில்லை. பிரஷர் குக்கர் மாதிரியான பழையது என்றால், 15 பிஎஸ்ஐ காட்டினால் 121 பாகை வந்துவிட்டது என்பது கடல்மட்டத்துக் கணக்கு. 1,000 அடிக்கு அரை பிஎஸ்ஐ வீதம் கூட்ட வேண்டும், 6,000 அடிக்கு மேலிருக்கிற நுவரெலியாவில் அது ஏறக்குறைய 18. ஊசிமுள்ளை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு தடவையும் நிறம் மாறும் பட்டியையும் உள்ளே வையுங்கள். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரையும் அன்றன்றைக்கு வடித்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்குப் பல்லைக் காயவைக்க விடுகிற காற்றிலேயே ஈரம் வரும்.

மாதிரியையும் லேப் துண்டையும் பெட்டியில் போட்டு வைக்கும்போது பெயரோடு தோட்டத்தையும் டிவிஷனையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே பெயரில் ஒரே தோட்டத்திலிருந்து மூன்று பேர் வருவார்கள்.